இரண்டு விரல் தண்ணீர்

மீட்டர்காரர் வேலையிலிருந்து ஓய்வுபெற்று நான்கு வருடம் ஆகியும் அந்தப் பெயர் அவரை விட்டுப் போகவில்லை. முப்பத்திரண்டு வருடம் வீடு வீடாகப் போய், குடிநீர் மீட்டரின் மூடியைத் திறந்து, கண்ணாடியில் படிந்த சேற்றைக் கட்டைவிரலால் துடைத்து, எண்ணைப் பார்த்துக் குறித்துக்கொண்டு வந்த மனிதர். ஒரு எண் தப்பியதில்லை. நாய் கடித்த அன்றுகூட எண்ணைக் குறித்துவிட்டுத்தான் ஊசி போடப் போனார் என்று அலுவலகத்தில் சொல்லிச் சிரிப்பார்கள். அவருக்கு அதில் பெருமைதான்.

அப்பேர்ப்பட்டவர் அந்தத் திங்கட்கிழமை காலையில், தன் வீட்டுப் பின்தோட்டத்து மீன் குளத்தின் கரையில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, பேயறைந்த மாதிரி விழித்துக்கொண்டிருந்தார். பன்னிரண்டடி நீளம், எட்டடி அகலம், நடுவில் முழங்கால் ஆழம். அவ்வளவுதான் குளம். அதன் நடுவே ஓர் இரும்புக் கம்பி நட்டிருந்தது. அதில் அவரே வெள்ளை பெயின்ட்டால் கோடு போட்டு எண் எழுதியிருந்தார். நேற்றுக் காலையில் தண்ணீரை நாற்பத்தெட்டுக்கு நிரப்பி வைத்தார். இன்று நாற்பத்தைந்து. இரண்டு விரல் தண்ணீர் எங்கே போனதென்று தெரியவில்லை. ஏழு மாதமாக இதே கதைதான்.

அப்போது அவர் மனைவி பின்வாசல் கதவைத் திறந்துகொண்டு வந்தாள். கையில் மீன் தீனி டப்பா. அவர் அங்கே உட்கார்ந்திருப்பது கண்ணில் படாதவள் போல எதிர்க்கரைக்குப் போய், ஒரு பிடி தீனியைத் தூவினாள். ஆறு மீன்களும் ஓடி வந்தன. அதில் பெரிய ஆரஞ்சு மீனுக்குப் பெரியவன் என்று பெயர்.

"டேய் பெரியவனே, கேட்டுக்கோ. சனிக்கிழமை வண்டி வருது. அக்கா அனுப்பறா. அவ ஊர்ல அவளோட சிநேகிதி வீட்ல பெரிய தொட்டி இருக்காம். அங்க யாரும் தண்ணியில்லாம தவிக்க விடமாட்டாங்களாம்."

மீன்களுக்கு அக்கா என்றால் அவர்களுடைய மகள். மீட்டர்காரர் நிமிர்ந்து பார்த்தார். அவள் மீனையேதான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நீங்க போற வண்டியிலேயே நானும் போறேன். உங்களுக்காகத்தான் இங்க இருந்தேன். நீங்களே போனப்புறம் எனக்கு இங்க என்னடா வேலை?"

சொல்லிவிட்டு டப்பாவை மூடிக்கொண்டு உள்ளே போய்விட்டாள். ஆறு மீன், ஒரு மனைவி, ஐந்து நாள். சனிக்கிழமைக்குள் அந்தக் குளத்தில் தண்ணீர் நிற்கவில்லையென்றால் அவருக்கென்று அந்த வீட்டில் சுவரும் கதவும்தான் மிஞ்சும்.

வீட்டுக்காரி அவரிடம் நேராகப் பேசி ஏழு மாதம் ஆகியிருந்தது. அதற்காக வீட்டில் சத்தமே இல்லை என்று நினைத்துவிடக் கூடாது. எல்லாம் சாடைமாடையாக நடந்தது. "சோறு மேசையில இருக்கு, ஆறிட்டா நான் பொறுப்பில்ல" என்று ஃப்ரிட்ஜிடம் சொல்வாள். "செருப்போட உள்ள வர்ற பழக்கம் எந்த ஊர்ல கத்துக்கிட்டதோ" என்று துடைப்பத்தைக் கேட்பாள். முக்கியமான விஷயம் என்றால் மட்டும் மீனிடம் சொல்வாள். அவரும் முதல் வாரம் முறைத்துக்கொண்டு திரிந்தார். பிறகு பழகிவிட்டது. பழகிப்போனதுதான் கொடுமை.

காரணம் ஒரு நோட்டு. மகள் வேலைக்குப் போக ஆரம்பித்த நாளிலிருந்து, அவள் மாலையில் வீடு திரும்பும் நேரத்தை அவர் ஒரு நோட்டில் எழுதி வந்தார். ஆறு நாற்பது. ஏழு பதினைந்து. ஒன்பது ஐந்து. இரண்டு வருட நேரம், நாள் தவறாமல். ஒருநாள் கத்தரிக்கோல் தேடி மேசை இழுப்பறையைத் திறந்த மகளின் கையில் அது சிக்கிவிட்டது. பக்கம் பக்கமாகப் புரட்டினாள். முகம் வெளுத்துப் போனது.

"அப்பா, நான் என்ன மீட்டரா?"

அவர் அப்போதாவது வாயை மூடிக்கொண்டிருக்கலாம். "பொண்ணு வீட்டுக்கு வர்ற நேரத்தை அப்பன் பார்க்காம எவன் பார்ப்பான்? பிடிக்கலைன்னா போ" என்றார். போ என்றால் யாரும் போவார்களா என்ன என்று அவர் நினைத்தார். நான்காம் நாள் அவள் வேறு ஊருக்கு மாற்றல் வாங்கிக்கொண்டு போய்விட்டாள். ஐந்து மணி நேரப் பயணம். அதற்கப்புறம் அம்மாவிடம் மட்டும் போனில் பேசுவாள். வீட்டை விட்டுப் போன அந்த வாரத்திலேயே அவள் கேட்டது ஒன்றே ஒன்றுதான். குளத்துல தண்ணி குறையாம பார்த்துக்கோங்கம்மா. அதை அம்மா பெரியவனிடம் உரக்கச் சொன்னாள். மீட்டர்காரர் காதில் விழுந்தது. மகள் இந்த வீட்டில் கேட்ட ஒரே விஷயம் அது. அன்றைக்கே கடைக்குப் போய்க் கம்பி வாங்கிவந்து, எண் எழுதி, குளத்தில் நட்டு, புதிய நோட்டு ஒன்றைத் திறந்தார்.

குளம் மகளுடையது. முதல் சம்பளத்தில் ஆள் வைத்து வெட்டியது. அந்த வாரம் அவர் கண் அறுவை சிகிச்சைக்கு ஆஸ்பத்திரியில் இருந்தார். ஒற்றைக் கண்ணில் கட்டோடு வீட்டுக்கு வந்தபோது, கருப்பு ரப்பர் விளிம்பும், ஓரத்துக் கற்களும், உள்ளே தண்ணீரும் மீனுமாக எல்லாம் முடிந்திருந்தது. மகள் அவர் கையைப் பிடித்துக் கூட்டிப்போய்க் காட்டினாள். அவர் பார்த்துவிட்டு, "கொசு வரும்" என்றார். அதற்கு மேல் எதுவும் கேட்கவில்லை.

சரி, ஒரு கை பார்த்துவிடுவது என்று திங்கட்கிழமை மதியமே இறங்கிவிட்டார். முதலில் குளத்தில் தண்ணீர் பீய்ச்சும் சின்ன மோட்டாரை நிறுத்தினார். குழாய் இணைப்புகளைத் தடவிப் பார்த்தார், ஈரமில்லை. பிறகு ஒரு வாளியில் குளத்துத் தண்ணீரை மொண்டு, அதில் பென்சிலால் கோடு போட்டு, குளத்துப் படியிலேயே வைத்தார். வெயிலில் காய்ந்து போவதென்றால் வாளியிலும் குளத்திலும் ஒரே அளவு குறைய வேண்டும். குளத்தில் மட்டும் அதிகம் குறைந்தால் ஓட்டை நிச்சயம். இதையெல்லாம் யாரிடமாவது விளக்கிச் சொல்ல அவருக்கு ஆசையாக இருந்தது. ஆள் இல்லை.

செவ்வாய்க்கிழமை காலை போய்ப் பார்த்தால், வாளியில் ஒரு நூலளவு குறைந்திருந்தது. குளத்தில் ஒரு கோடு ஏறியிருந்தது.

"மழையா பெஞ்சுது?" என்று வாய்விட்டே கேட்டுவிட்டார். மழையும் இல்லை, ஒன்றும் இல்லை. வானம் துடைத்துவிட்ட மாதிரி கிடந்தது. தன் கண்ணைச் சந்தேகப்பட்டார். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தார். நாற்பத்தாறு. முப்பத்திரண்டு வருடத்தில் பின்னால் ஓடிய மீட்டரை அவர் பார்த்ததே கிடையாது.

அன்று மதியம் அவர் தூங்கவில்லை. தூங்குகிறவர் போலக் கண்ணை மூடிக்கொண்டு கட்டிலில் கிடந்தார். இரண்டு மணிக்குப் பின்வாசல் கதவு கிரீச்சிட்டது. எழுந்து ஜன்னல் வழியாகப் பார்த்தார். அவர் மனைவி தோட்டக்குழாயைப் பிடித்துக்கொண்டு குளத்தில் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தாள். கரையில் ஒரு கருப்புக் கல் இருக்கும், அது நனைகிற வரைக்கும் விட்டாள். அது அவளுடைய அடையாளம்.

காலையில் அவர் ஊற்ற, மதியம் அவள் ஊற்ற, ஏழு மாதமாக எழுதிய அத்தனை எண்ணும் பொய். இரண்டு விரல் இல்லை, நாலு விரலாவது போகிறது. இரண்டு பேரும் ஆளுக்கொரு பக்கம் மறைத்து மறைத்து ஊற்றி, ஓட்டையை வாழ வைத்திருக்கிறார்கள்.

வெளியே வந்தார். அவள் திடுக்கிட்டுக் குழாயை மூடினாள். பிறகு சமாளித்துக்கொண்டு குளத்தைப் பார்த்துச் சொன்னாள்.

"உங்களுக்குத் தண்ணி ஊத்தறதுக்கும் யார்கிட்டயாவது கேட்டுட்டு ஊத்தணுமாடா?"

அவர் கரையோரம் வந்து நின்றார். பிறகு அவரும் குளத்தைப் பார்த்துத்தான் பேசினார்.

"பெரியவனே, சனிக்கிழமை வரைக்கும் யாரும் ஒரு சொட்டு ஊத்த வேண்டாம்னு சொல்லு. தண்ணியை இறக்கி இறக்கிப் பார்க்கணும். எந்த மட்டத்துல நிக்குதோ அங்கதான் ஓட்டை. ஊத்திட்டே இருந்தா கடவுளே வந்தாலும் கண்டுபிடிக்க முடியாது."

"தண்ணியை இறக்கினா நீங்க எங்கடா இருப்பீங்க? இதை யோசிச்சாங்களான்னு கேளு."

"துணி துவைக்கிற பெரிய தொட்டி ரெண்டு இருக்குன்னு சொல்லு."

பெரியவன் இரண்டு பேருக்கும் நடுவில் வாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தான். வெளியாள் யாராவது பார்த்திருந்தால் இந்த வீட்டில் எல்லோருக்கும் கழன்றுவிட்டது என்று முடிவு கட்டியிருப்பார்கள்.

புதன்கிழமை காலை இரண்டு பேரும் சேர்ந்துதான் மீன்களை மாற்றினார்கள். குளத்துத் தண்ணீரையே தொட்டிகளில் நிரப்பி நிழலில் வைத்தார்கள். முழங்கால் வரை சேலையைச் செருகிக்கொண்டு நின்ற மனைவியின் பக்கமாக அவர் வலையால் மீனை விரட்ட, அவள் வாளியால் மொண்டாள். பெரியவன் மட்டும் போக்குக் காட்டினான். ஒருமுறை துள்ளி அவர் முகத்தில் தண்ணீரடித்துவிட்டுப் போனான். அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவர் திரும்பிப் பார்த்தவுடன் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டாள். அந்த அரை நொடிச் சிரிப்பை வைத்துக்கொண்டு அவர் அன்று முழுக்க வேலை செய்தார்.

வாளி வாளியாகத் தண்ணீரை இறைத்து முப்பதுக்குக் கொண்டுவந்தார். இடுப்பு விட்டுப்போனது. வெளியே தெரிந்த ரப்பர்ச் சுவரை அங்குலம் அங்குலமாகக் கையால் தடவினார். பாசி வழுக்கியதே தவிர ஒரு கீறல்கூட அகப்படவில்லை. வியாழக்கிழமை காலை இருபத்தெட்டு. அப்படியென்றால் ஓட்டை இன்னும் கீழே. பதினைந்துக்கு இறைத்தார். சாயங்காலம் பதினான்கு. இன்னும் கீழே. இன்னும் ஒரு நாள்தான் இருந்தது.

வியாழன் சாயங்காலம் தெருமுனைப் பஞ்சர் கடைக்குப் போனார். ஒட்டு போட ரப்பரும் பசையும் வேண்டும். பஞ்சர்காரர் ஒரு லாரி டியூபைத் தண்ணீர்த் தொட்டியில் முக்கி, குமிழி பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்ன சார், காத்து போன மாதிரி வர்றீங்க?"

"குளத்துல ஓட்டை."

"குளத்துக்கே பஞ்சரா! எத்தனை நாளா இறங்குது?"

"ஏழு மாசமா."

"ஏழு மாசமா? அப்ப முள்ளு உள்ளயேதான் இருக்கு."

"என்ன முள்ளு?"

"எதுவும் ஏறாம பஞ்சர் ஆகாது சார். ஏறினது வெளிய வந்துட்டா, ஒரே நாள்ல உட்கார்ந்திடும். உள்ளயே நிக்கிற வரைக்கும் அதுவே ஓட்டை, அதுவே மூடி. கொஞ்சம் கொஞ்சமாத்தான் இறங்கும். வண்டிக்காரன் தினம் காத்தடிச்சு ஓட்டிட்டே இருப்பான். ஆணி ஏறினதே தெரியாது."

"பக்கவாட்டுல எல்லாம் தடவிட்டேன். ஒண்ணும் இல்லையே."

"அடியில?"

"அடியில மண்ணுதான்."

"என்னமோ போங்க. ரப்பர் எப்படி, லாரி டியூப் மாதிரி தடிசா?"

"அப்படித்தான்."

"அப்ப நம்ம சரக்கே போதும்." பழைய டியூபில் கையகலம் வெட்டி, வட்டமாக ஓரம் சீவி, உப்புத்தாளும் பசை டியூபும் சேர்த்துக் கொடுத்தார். "நல்லாக் காய வைங்க. ஈரம் இருந்தா ஒட்டாது. பளபளப்பு போற வரைக்கும் தேயுங்க. பசை தடவின உடனே ஒட்டிடாதீங்க, அங்கதான் எல்லாரும் அவசரப்படறாங்க. விரல் வச்சா விரல்ல வராத பதம் வரணும். அப்புறம் ஒரே அழுத்து. ஒட்டினப்புறம் பிடிச்சுதா பிடிச்சுதான்னு ஓரத்தைப் பிரிச்சுப் பார்க்கக் கூடாது. உங்களைத்தான் சொல்றேன், உங்களைத் தெரியும் எனக்கு."

வெள்ளிக்கிழமை காலையில் தண்ணீரை நான்கு விரல் ஆழத்துக்கு இறைத்துவிட்டு, கலங்கல் தெளியட்டும் என்று காத்திருந்தார். தெளிந்த பிறகு சமையலறையில் போய் ஒரு டம்ளர் பாலை எடுத்துக்கொண்டு வந்தார். அசையாத தண்ணீரில் பாலைச் சொட்டுச் சொட்டாக விட்டால், ஓட்டை எந்தப் பக்கமோ அந்தப் பக்கம் இழுபடும். பின்னால் சமையலறையில் குரல் கேட்டது. "பால் பாத்திரத்துக்குக் கால் முளைச்சிருக்கு போல."

ஓரத்தில் ஒரு சொட்டு விட்டார். பால் அங்கேயே மேகமாகக் கலைந்தது. இன்னும் இரண்டடி உள்ளே விட்டார். கலைந்தது. நடுப்பக்கமாக எட்டி ஒரு சொட்டு விட்டார். அது கலையவில்லை. மெல்ல நீண்டு, ஒரு வெள்ளை நூலாகி, நகர்ந்து நகர்ந்து போய், கம்பியின் அடியில் மறைந்தது.

அவருக்கு முதலில் புரியவில்லை. இன்னொரு சொட்டு விட்டார். அதுவும் கம்பிக்குத்தான் போனது. குளத்துக்குள் இறங்கி மண்டியிட்டு, கம்பியைச் சுற்றியிருந்த மணலையும் கூழாங்கல்லையும் இரண்டு கையாலும் ஒதுக்கினார். ஒரு சாண் மணல்கூட இல்லை. நாலு விரல் மணலுக்குக் கீழே கருப்பாக, வழவழவென்று ரப்பர். இந்தப் பக்கம் தோண்டினார், ரப்பர். அந்தப் பக்கம் தோண்டினார், ரப்பர். குளம் முழுக்க ஒரே விரிப்பு. அதன் நட்டநடுவில் அவருடைய கம்பி குத்திக்கொண்டு நின்றது.

ஏழு மாதத்துக்கு முன்பு கம்பி நேராக நிற்கவில்லையென்று ஒரு கல்லை எடுத்து அதன் தலையில் இரண்டு தட்டுத் தட்டியது அவருக்கு ஞாபகம் வந்தது. இரண்டாவது தட்டுக்கு அது சட்டென்று இறங்கியது. நல்ல மண்ணு என்று அன்று நினைத்துக்கொண்டார்.

கம்பியைப் பிடுங்கினார். மிச்சமிருந்த தண்ணீர் அந்தத் துளையில் சுழித்துக்கொண்டு, சத்தம் போட்டுக்கொண்டு இறங்கியது. அவர் சேற்றில் உட்கார்ந்து அதைப் பார்த்துக்கொண்டே இருந்தார். குளத்தை ஓட்டை போட்டதும் அவர்தான், எவ்வளவு போகிறது என்று தினம் எழுதி வைத்ததும் அவர்தான். சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. அழுதார். தோட்டத்தில் யாரும் இல்லாததால் கண்ணைத் துடைக்கக்கூட அவசரப்படவில்லை.

பிறகு எழுந்து வேலையைப் பார்த்தார். பழைய துணியால் ஒற்றி ஒற்றி ஈரத்தை எடுத்தார். வெயிலில் இரண்டு மணி நேரம் காயவிட்டார். உப்புத்தாளால் தேய்த்தார், பசை தடவினார், விரல் வைத்துப் பார்த்தார், விரலில் வந்தது. காத்திருந்தார். மறுபடி வைத்துப் பார்த்தார், வரவில்லை. ஒட்டுத் துண்டை வைத்து உள்ளங்கையால் தன் எடை முழுவதையும் கொடுத்து அழுத்தினார். ஓரத்தைப் பிரித்துப் பார்க்கக் கை பரபரத்தது. கையைக் கக்கத்தில் வைத்துக்கொண்டார்.

இனி ஒரு வேலைதான் பாக்கி. வேர் குத்திவிட்டது என்று சொல்லிவிடலாம். எலி கடித்தது என்று சொல்லலாம். கம்பியைக் காதும் காதும் வைத்த மாதிரி குப்பையில் போட்டுவிட்டால் யாருக்குத் தெரியப்போகிறது? பசை உலரும் நேரம் முழுக்க அவர் இதைத்தான் யோசித்தார். யோசித்துவிட்டு, கம்பியைக் கையில் எடுத்துக்கொண்டு சமையலறை வாசலில் போய் நின்றார். மனைவி கீரை நறுக்கிக்கொண்டிருந்தாள்.

"ஓட்டை கிடைச்சுது" என்றார். மீனிடம் இல்லை, அவளிடம்.

"கிடைச்சா சரி" என்று அவள் கீரையிடம் சொன்னாள்.

"நான்தான் போட்டேன்."

கத்தி நின்றது. அவள் நிமிர்ந்து அவர் முகத்தைப் பார்த்தாள்.

"என்னது?"

"இந்தக் கம்பிதான். அடியில மண்ணுன்னு நினைச்சேன். கல்லால தட்டி இறக்கினேன். ரப்பரைக் குத்திக்கிட்டுப் போயிடுச்சு."

"அடியில எப்படிங்க மண்ணு இருக்கும்? முழுசும் ஒரே ரப்பர். ஒரு மூலையை அவ பிடிச்சா, ஒரு மூலையை நான் பிடிச்சேன். மேல மணலைத்தான் கொட்டினோம். நீங்க அதை எதுலயோ நிக்க வச்சிருக்கீங்கன்னுல்ல நினைச்சேன்!"

"எனக்குத் தெரியாது."

"கேட்டிருந்தா சொல்லியிருப்பேனே."

"யார்கிட்ட கேக்கறது? நீ மீன்கிட்டல்ல பேசிட்டு இருந்த."

"அதுக்கு முன்னாடி ரெண்டு வருஷம் உங்ககிட்டத்தானே பேசிட்டு இருந்தேன்? அப்பக் கேட்டீங்களா? அவ ஆசை ஆசையா கூட்டிட்டுப் போய்க் காட்டினா. கொசு வரும்னீங்க."

அவர் தலையைக் குனிந்துகொண்டார். கம்பியிலிருந்து சேறு தரையில் சொட்டியது. அதைப் பற்றி அவள் ஒன்றும் சொல்லவில்லை.

"இந்தக் கம்பியை நடறதுக்கு முன்னாடி தண்ணி குறைஞ்சுதா?"

"தெரியல. அப்ப அளக்கல."

"எனக்குத் தெரியும். குறையல. ஒரு நாள்கூடக் குறையல. நல்லா இருந்த தண்ணியைப் போய்..." அவள் கத்தியைக் கீழே வைத்தாள். "அவளையும் இப்படித்தான் பண்ணீங்க."

"ஆமா" என்றார் மீட்டர்காரர்.

அவள் இதை எதிர்பார்க்கவில்லை. ஏழு மாதமாகத் தயார் செய்து வைத்திருந்த சண்டை அந்த ஒரு சொல்லில் கையிலிருந்து நழுவிப் போயிற்று.

"சந்தேகப்பட்டு எழுதல" என்றார் அவர். "அவ வர்ற வரைக்கும் எனக்குச் சோறு இறங்காது. வாசல்ல செருப்புச் சத்தம் கேக்கணும். மணியைப் பார்த்து எழுதின பிறகுதான் இன்னைக்கு முடிஞ்சுதுன்னு மூச்சு வரும். வேற எப்படிப் பண்றதுன்னு எனக்குத் தெரியல. தெரிஞ்சது அது ஒண்ணுதான்."

"இதை அவகிட்டச் சொன்னீங்களா?"

"போன்னுதான் சொன்னேன்."

அவள் குழாயைத் திறந்துவிட்டாள். பிறகு, "கையைக் கழுவுங்க, ரத்தம் வருது" என்றாள். கூழாங்கல் கிழித்திருந்தது. அவர் அப்போதுதான் பார்த்தார்.

வெள்ளி சாயங்காலமே குளத்தில் தண்ணீர் விட்டார்கள். சனிக்கிழமை காலையில் அவளுடைய கருப்புக் கல் நனைந்தபடியே இருந்தது. ஒரு சொட்டுப் போகவில்லை. மீன்களைத் தொட்டித் தண்ணீரோடு குளத்தில் இறக்கினார்கள். பெரியவன் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு, கம்பி இருந்த இடத்தில் கொஞ்ச நேரம் நின்றுவிட்டுப் போனான்.

பத்து மணிக்கு வண்டி வந்தது. வண்டிக்காரர் பெரிய பெரிய பிளாஸ்டிக் தொட்டிகளோடு இறங்கினார்.

"மீன் எங்கம்மா?"

"மீன் வரல. நான் மட்டும்தான்" என்று அவள் பையைத் தூக்கிக்கொண்டு வந்தாள்.

மீட்டர்காரருக்குத் தூக்கிவாரிப் போட்டது. "குளம்தான் சரியாயிடுச்சே."

"குளம் சரியாயிடுச்சு. அவ இங்க வரமாட்டா. ஏழு மாசமாச்சு எம்பொண்ணைப் பார்த்து. நான் போறேன்."

எத்தனை நாள் என்ற கேள்வி அவர் நாக்கின் நுனி வரைக்கும் வந்தது. விழுங்கிவிட்டார். அவர் விழுங்கியதை அவள் பார்த்தாள்.

"ஒரு வேளைக்கு ஒரு பிடி போதும். பாவமா பார்க்குதுன்னு ரெண்டு பிடி போட்டுடாதீங்க. கேஸை மூடிட்டுப் படுங்க" என்று சொல்லிவிட்டு முன்சீட்டில் ஏறிக்கொண்டாள். காலித் தொட்டிகள் பின்னால் கடகடவென்று உருள, வண்டி தெருமுனை திரும்பியது. அவர் வாசற்கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

அதற்கப்புறம் வீடு மிகவும் பெரிதாகிவிட்டது. முன்பு அவரிடம் பேசாவிட்டாலும் ஃப்ரிட்ஜிடமாவது ஒரு குரல் பேசிக்கொண்டிருந்தது. இப்போது ஃப்ரிட்ஜ் தானாக உறுமி, தானாக ஓய்ந்தது. காலையில் டீ போட்டால் பழக்கத்தில் இரண்டு டம்ளருக்குத் தண்ணீர் வைத்துவிடுவார். இரண்டையும் அவரே குடிப்பார். சோறு வைப்பார், முட்டை பொரிப்பார், குளத்துக்கரையில் தட்டை வைத்துக்கொண்டு சாப்பிடுவார். "உப்பு ஜாஸ்திடா" என்று பெரியவனிடம் சொல்வார். மூன்றாம் நாள் தன் குரலைத் தானே கேட்டு வெட்கப்பட்டு எழுந்து உள்ளே போய்விட்டார்.

அளக்க வேண்டும் என்ற அரிப்புதான் தாங்க முடியவில்லை. ஒரு காலையில் துடைப்பக்குச்சியை எடுத்துக்கொண்டு கரை வரைக்கும் போய்விட்டார். ஒட்டு பிடித்ததா இல்லையா என்று எப்படித் தெரிந்துகொள்வது? நிரப்பியாயிற்று, மீன் நீந்துகிறது, இன்னும் என்ன தெரிய வேண்டும் என்று தன்னையே திட்டிக்கொண்டு, குச்சியைக் கொண்டுபோய்த் துடைப்பத்திலேயே செருகினார். நோட்டுகள் இரண்டும் இழுப்பறையில் கிடந்தன. அவர் அந்த மேசைப் பக்கமே போகவில்லை.

அவள் போய் எத்தனையாவது நாள் என்று அவருக்குத் தெரியும். அவர் யாரிடமும் சொல்லவில்லை, கேட்க ஆளும் இல்லை. அன்று சாயங்காலம் மீனுக்குத் தீனி போட்டுவிட்டு வந்து, சோற்றுப் பாத்திரத்தைப் பார்த்துக்கொண்டு, பசிக்கிறதா இல்லையா என்று தெரியாமல் உட்கார்ந்திருந்தார். போன் அடித்தது. திரையில் மகள் என்றிருந்தது. சட்டையில் கையைத் துடைத்துக்கொண்டு எடுத்தார்.

"அப்பா."

"ம்."

"அம்மா எல்லாம் சொன்னாங்க."

அந்தப் பக்கத்தில் பஸ் போகிற சத்தம் கேட்டு அடங்கியது. ஒரு கதவு திறந்து மூடியது.

"குளத்துல தண்ணி எத்தனை இருக்கு இப்போ?"

அவர் ஜன்னல் வழியாகப் பார்த்தார். வெளிச்சம் மங்கிக்கொண்டு வந்தது. குளம் தெரிந்தது, மட்டம் தெரியவில்லை.

"தெரியலம்மா" என்றார். "அளக்கல."

மறுமுனையில் சத்தமே இல்லை. லைன் போய்விட்டதென்று நினைத்தார். ஆனாலும் போனைக் காதிலிருந்து எடுக்கவில்லை.

"பெரியவன் சாப்பிடறானா?" என்று கடைசியில் கேட்டாள். அவள் குரல் மாறியிருந்தது.

"சாப்பிடறான். இப்பத்தான் ஒரு பிடி போட்டேன்."

"நீங்க சாப்பிட்டீங்களா?"

"இன்னும் இல்லம்மா."

அவள் மூக்கை உறிஞ்சுவது கேட்டது. பின்னால் எங்கோ அவர் மனைவி ஏதோ பாத்திரத்தை வைக்கிற சத்தமும் கேட்டது.

"நான் வீட்டுக்கு வந்துட்டேன்பா" என்றாள் மகள். "இப்பத்தான் உள்ள வந்தேன், செருப்பைக்கூடக் கழட்டல. நீங்க சாப்பிடுங்க."

அவர் "சரிம்மா" என்று சொல்லிப் போனை மேசை மேல் வைத்தார். கடிகாரம் எதிர்ச் சுவரில்தான் இருந்தது. அவர் அந்தப் பக்கம் திரும்பவில்லை. தட்டை எடுத்து, சோற்றைப் போட்டு, உட்கார்ந்து சாப்பிட ஆரம்பித்தார்.